மாத்திரை அட்டையைக் காட்டிய கொழுந்தன்

என் கேலிக்கார மைனிக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. ஊர் ஊராகப் போய்த் தின்றுவிட்டு வீடியோ போடும் நம் சேனல் இன்னும் ஓடுகிறது. இப்போது போனைப் பிடிப்பது உங்கள் வீட்டுக்காரர், அதாவது என் அண்ணன். போன வாரம் டவுணில் அல்வா தின்ற வீடியோவில் பாதி நேரம் கடை போர்டுதான் தெரிந்தது. "அண்ணாச்சி, தின்னுத ஆளையும் கொஞ்சம் காட்டுங்க" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். அண்ணன் அதற்கும் லைக் போட்டான்.

உங்களிடம் ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சங்கதி. நீங்கள் போனபிறகு வீடியோவில் சிரிப்பேன், போனை அணைத்ததும் உட்கார்ந்துவிடுவேன். தச்சநல்லூர் நிறுத்தத்தில் ஏழெட்டு பஸ்ஸை விட்டுவிட்டுச் சும்மா இருந்த நாளும் உண்டு. கடைசியில் மனநல டாக்டரைப் போய்ப் பார்த்தேன், மாத்திரை கொடுத்தார். மெதுவாகத் தூக்கம் வந்தது, பசி வந்தது. உங்களிடம் சொல்லியிருந்தால், "கொழுந்தனாருக்கு மனசு சரியில்லையா, இல்ல பொண்ணு பாக்கச் சொல்லுதாரா?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு என்னோடு முதல் ஆளாகக் கிளம்பியும் இருப்பீர்கள்.

இதை மற்றவர்களுக்கும் சொல்வோமே என்று தோன்றியது. நம் தெருப் பழக்கம் உங்களுக்குத் தெரியாதா? ஒருவர் மூட்டுவலி என்று சொல்லி முடிப்பதற்குள் எதிர்வீட்டிலிருந்து பாதி அட்டை மாத்திரை வந்துவிடும். "எனக்கு நல்லாக் கேட்டுச்சு, நீயும் ரெண்டு போட்டுப் பாரு." நீங்களே அப்படி எத்தனை பேருக்கு வாரி வழங்கியிருக்கிறீர்கள்! அதே தாராள மனசோடு நானும் மாத்திரை அட்டையைக் கேமரா முன்னால் தூக்கிப் பிடித்தேன். பேரையும் வாசித்தேன். "மக்களே, இதுதான் என்னைக் காப்பாத்துச்சு!" வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஒரு பெண் செய்தி அனுப்பினாள். பேரும் ஊரும் வெளியே வராது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் நீங்களும் கேட்காதீர்கள். "அண்ணா, எங்க அக்காவுக்கு டாக்டர் குடுத்ததும் அதே அட்டைதான். மூணு நாளா அதுலருந்து நானும் போடுதேன். தலை சுத்துது, நிக்க முடியல. இன்னும் ஒண்ணு கூடப் போடணுமா?"

பாருங்கள் மைனி, தின்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவனிடம் போய் ஒரு பிள்ளை மருந்து கேட்கிறாள். உடனே கூப்பிட்டேன்.

"பக்கத்துல யாரும்மா இருக்கா?"

"அக்கா அடுப்படில நிக்கா."

"எதையும் போடாத. போனை அவங்ககிட்ட குடு."

அக்காக்காரி முதலில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "அதைப் போயி எதுக்கு வீடியோவுல காட்டுதீய? வெவரம் வேண்டாமா?" திட்டிக்கொண்டே தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நான் அந்த வீடியோவை எடுத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையைக் கெடுத்துவிட்டேனோ என்று கிடந்து தவித்தேன். சாயங்காலம் செய்தி வந்தது. "பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாவ. அவ மனசு வருத்தத்தையும் கேட்டாவ. இனி அங்கனயே காட்டப் போறோம்." அன்றைக்கு இட்லி பன்னிரண்டு உள்ளே போனது.

இனி மனசைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் பேசியிருக்காவிட்டால் அவள் யாரிடம் சொல்லியிருப்பாள்?

அதனால் மறுபடி எடுத்தோம், குறுக்குத்துறைப் படித்துறையில் வைத்து. முதலில் என் தப்பைச் சொன்னேன், அவள் சம்மதத்தோடு. பிறகு பஸ்ஸை விட்ட கதை, ஆஸ்பத்திரி வரிசையில் வெட்கப்பட்டு முகத்தைத் துண்டால் மறைத்த கதை. என்ன மாத்திரை என்று சொல்லவில்லை. "ஆளுக்கு ஆள் மருந்து மாறும், நான் டாக்டர் இல்ல. ரொம்ப முடியலன்னா என் பதிலுக்குக் காத்துக்கிடக்காதீங்க, பக்கத்துல இருக்கவங்ககிட்ட சொல்லுங்க" என்றேன். மனநல உதவி எண்ணை வீடியோவுக்குக் கீழே போட்டோம். நடுவில் ஒரு எருமை வந்து முகத்தை நீட்டியது. அதையும் வெட்டவில்லை.

எடுத்து முடித்தும் அண்ணன் போனைத் தரவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒன்றரை வருடமாக உங்கள் பேரைக்கூட உச்சரிக்காத மனுஷன்.

"ஏலே, அந்த வரிசையில காலையில எத்தன மணிக்கு நிக்கணும்?"

"யாருக்குண்ணே?"

"எனக்குத்தாம்லே. அவ போனதுலருந்து ஒண்ணும் ஓடமாட்டேங்கு."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அவன் பக்கத்தில் நிற்பேன் மைனி, இது சத்தியம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

என்றைக்கும் உங்கள் வாய்க்குப் பயந்த,
கொழுந்தன் இசக்கி