ஓரம் தைக்காத போர்வை

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நிலாவெளி ஹோட்டல்களில் இருந்து துண்டுத்துணிப் போர்வைகளுக்கு ஓடர் வந்தபடியே இருக்கிறது. உதவிக்கு வரும் பிரசாந்தியும் நானும் நாள் முழுக்கத் தைத்தும் வேலை முடிவதில்லை.

வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தை மட்டும் எனக்கென்று வைத்திருக்கிறேன். அலுமாரியில் நீ விட்டுப்போன சட்டைகளை வெட்டி ஒரு போர்வை தைக்கிறேன். ஏன் தைக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. உன் பழைய கட்டிலுக்கென்றுதான் தொடங்கினேன். துணி போதாமல் என் சேலை ஒன்றையும் வெட்டினேன். இப்போது பார்த்தால் அது இரண்டு பேர் படுக்கிற அகலத்துக்கு வந்துவிட்டது.

நீ பதிவுத் திருமணம் செய்துகொண்டு கொழும்புக்குப் போனதிலிருந்து வீட்டில் உன்னைப் பற்றிய கதையே இல்லை. அது உனக்குத் தெரியும்.

போன கிழமை ஓடர் தருகிற ஹோட்டல் மிஸ் வந்து, அந்தப் போர்வையைத்தான் முதலில் தூக்கிப் பார்த்தார்.

"இதை எங்களுக்குத் தாங்கோ அக்கா."

"தர ஏலாது மிஸ். அது வேற ஆக்களுக்கு."

"ஆருக்கு?"

நான் போர்வையை வாங்கி மடிக்கத் தொடங்கினேன். கதிரையில் இருந்த அப்பா பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல், "அது மகளுக்கும் மருமகனுக்கும்" என்றார்.

பிறகு எழும்பித் துறைமுகப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தும் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. உன் மேல் இருந்த கோபம் ஆறிவிட்டதா, அந்த மிஸ்ஸை அனுப்பிவிடத்தான் அப்படிச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஓரம் தைப்பது மட்டும்தான் மிச்சம். உன்னைக் கட்டின அந்தப் பிள்ளை நல்ல உயரமோ? சொன்னால் கால்மாட்டில் இன்னுமொரு வரிசை கூட்டுவேன்.

உன்
அம்மா