மேஜரை உட்கார வைத்த மாதம்

அண்ணி,

இன்று காலை மேஜருக்கு இரத்தம் எடுத்தார்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ என்று கால்நடை டாக்டருக்குச் சந்தேகம். முன்னங்காலில் முடியைச் சிரைத்து ஊசியால் எடுத்துவிட்டு, பஞ்சு வைத்து வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி அனுப்பினார். வீட்டுக்கு வந்து அதைப் பிரித்தபோது பசையும் டெட்டாலும் கலந்த அந்த வாசனை வந்தது. வாரத்தில் மூன்று நாள் உங்கள் இடது கையிலிருந்து வந்த வாசனை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குச் சந்தோஷம் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். என் வீட்டுக்காரரின் அக்கா என்ற முறையில் பதினைந்து வருஷமாக நான் வைத்த குழம்பையெல்லாம் ஒரு வாய் வைத்துவிட்டு, "பரவால்ல" என்று மட்டும் சொன்னவர் நீங்கள். அந்தப் "பரவால்ல" ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் போன பிறகு உங்களை விழுப்புரத்தில் தனியாக விட முடியாது என்று உங்கள் தம்பி திண்டிவனத்துக்குக் கூட்டி வந்தார். டயாலிசிஸுக்கு மட்டும் பழையபடி விழுப்புரத்துக்கே பஸ்ஸில் போய் வந்தீர்கள். உங்களுக்கு இடம் அங்கேதான் கிடைத்திருந்தது.

உங்களோடு ஒரு தகரப் பெட்டி, இரண்டு பைகள், ஐந்து மாதத்து ராட்வீலர் குட்டி மேஜர். அம்மாவுக்குக் காவல் என்று உங்கள் பையன் துபாய் போகும்போது வாங்கிக் கொடுத்தது. குட்டி என்பது பெயருக்குத்தான். இரண்டு காலில் நின்றால் என் இடுப்புக்கு மேலே வரும், இழுத்தால் ஆளையே சாய்த்துவிடும். எனக்கோ தெருநாயைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுகிற பழக்கம்.

முதல் வாரமே உங்கள் இடது கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம். தோலுக்கு அடியில் ஏதோ விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. "இது ஓடற வரைக்கும்தான் நான். அடிபட்டுக் கிழிஞ்சா ரத்தம் நிக்காதுன்னு நர்சம்மா சொல்லிக்கினே இருக்கு," என்றீர்கள். பயத்தில் நான் விரலை எடுத்துக்கொண்டேன். மேஜர் எப்போதும் எகிறியது அந்தக் கையின் மேல்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தேவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வந்து நீங்கள் கேட்டைத் திறந்ததும் பாய்ந்தான். நகம் பிளாஸ்டரைக் கிழித்தது. காலையில் ஊசி போட்ட துளையிலிருந்து இரத்தம் வந்து முந்தானை நனைந்தது. துண்டை வைத்து அழுத்திக்கொண்டு உங்கள் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நிற்பதற்கு இருபது நிமிஷம் ஆனது.

உங்கள் தம்பி வந்ததும் முடிவு சொல்லிவிட்டார். "போதும்க்கா இந்த பேஜாரு. விக்கிரவாண்டில லாரி ஷெட் வச்சிருக்கற என் ஃபிரண்டு காவலுக்கு நாய் கேட்டுக்கினு இருந்தாரு. மாசக் கடைசில வண்டி அனுப்பறேன்னு சொல்லிட்டாரு. அதுவரைக்கும் கட்டிப் போட்டு வைங்க."

"அவன் போனா நானும் விழுப்புரத்துக்கே போயிடறேன் தம்பி," என்றீர்கள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

நீங்கள் மிரட்டுவதற்காகப் பேசுகிறவர் இல்லை. போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே இன்னொரு தடவை கையிலிருந்து இரத்தம் ஒழுகினால் துண்டு வைத்து அழுத்த ஆள் இருக்காது. அன்று வரைக்கும் நீங்கள் எப்போது கிளம்புவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவள்தான் நான். ஆனால் உங்கள் இரத்தம் என் விரல் இடுக்கில் காய்ந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

மறுநாள் கால்நடை டாக்டரைப் போய்ப் பார்த்தேன். "தாவினா திட்டாதீங்க, கையால தள்ளாதீங்க. அதுக்கு அது வெளையாட்டு," என்றார். "முதுகைக் காட்டிக்கினு நில்லுங்க. நாலு காலும் தரையில இருந்தாத்தான் ஏதாவது கிடைக்கும்னு அதுக்குத் தெரியணும். கேட்டுகிட்ட யாரும் ஒண்ணும் தரக்கூடாது. அதென்ன, ஒரே கை மேலயே தாவுது? அந்தக் கையில அப்பிடி இன்னா வச்சிருக்காங்க?"

வியாழக்கிழமை நீங்கள் வரும்போது சன்னலில் இருந்து பார்த்தேன். இடது கையில் பாரம் தூக்கக் கூடாது என்பதால் பை வலது தோளில். கேட்டைத் திறந்ததும் இடது கை பைக்குள் போனது. ஆஸ்பத்திரி எதிரே பேக்கரியில் வாங்கிய பொறை ரொட்டியில் ஒன்றை எடுத்து, கட்டிக் கிடந்த மேஜருக்கு நீட்டினீர்கள். அவன் சங்கிலி இறுக இரண்டு காலில் நின்று வாங்கினான்.

"ஏன் அண்ணி எடது கையால தர்றீங்க?"

"நாய்க்குத்தானேம்மா. சோத்துக் கையாலயா குடுப்பாங்க?"

நானும் அப்படித்தான் கொடுத்திருப்பேன். நம் பக்கத்தில் யாரும் வேறு மாதிரி கொடுக்க மாட்டார்கள். மனிதருக்கு வலது கை, நாய்க்கு இடது கை. ஆபத்தான அந்தக் கையைப் பார்த்து எகிற நாமேதான் அவனைப் பழக்கியிருந்தோம். வாரத்துக்கு மூன்று முறை, தவறாமல்.

பொறை வாங்குவதை நிறுத்தச் சொன்னேன். பாதி மேஜருக்கு, பாதி வீட்டுக்கு என்று நீங்கள் வாங்கி வந்த பொட்டலம் அது. "பொறந்த வூட்டுக்கு வெறுங்கையோட எப்படிம்மா வர்றது?" என்று கேட்டீர்கள். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. "வாரத்துக்கு மூணு வாட்டி வர்றவங்க இன்னும் விருந்தாளியா? இங்கயே வந்து தங்கிட்டப்புறம் எதுக்குங்க இந்த பவுசு?" என்று கேட்டுவிட்டேன். சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தீர்கள்.

அன்று சாயங்காலமே, எதுவும் நடக்காதது போல, உங்கள் புடவை ஒன்றை எடுத்து என் மடியில் போட்டீர்கள். "நீ இதைக் கட்டிக்கினு, என் பையை மாட்டிக்கினு கேட்டுல வா. அவன் உன் மேல தாவட்டும். எனக்குத்தான் இந்தக் கை, உனக்கு இன்னா வந்துது?"

நாய்க்குப் பயந்த நான் உங்கள் புடவையில் ஒரு நாளைக்குப் பத்து தடவை வீட்டுக்குள் வந்தேன். நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்தீர்கள். "திரும்பு. பேசாத. அவனைப் பாக்காத." அவிச்ச மல்லாட்டைக் கடலை ஒன்றை அவன் மூக்குக்கு மேலே கொண்டுபோனால் தலை நிமிரும், பின்பக்கம் தானாகத் தரையில் படும். பட்ட உடனே "குந்து" என்று சொல்லி, வலது கையால், தாழ்வாக, வாயருகே கொடுக்க வேண்டும். முதலில் விரலோடு சேர்த்துக் கவ்வினான். நான்காம் நாள் உட்கார்ந்தான். எட்டாம் நாள் கேட்டருகே ஒரு தடவை உட்கார்ந்தான். அன்று நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு எல்லாம் கெட்டுப்போனது. எகிறினால் ஒன்றும் கிடைக்கவில்லை என்றதும் இன்னும் உயரமாக எகிறினான், குரைத்தான், என் முதுகில் மோதினான். ரவிக்கைக் கை கிழிந்தது. டாக்டருக்குப் போன் போட்டால், "முட்டிப் பாக்குதும்மா. இப்ப விட்டுக் குடுத்தீங்கன்னா அவ்ளோதான்," என்றார். வண்டி வர ஒன்பது நாள் இருந்தது. இதில் உங்கள் தம்பி வேறு. நாயை அனுப்பியே தீர வேண்டும் என்று பேசிவிட்டு, வேலையிலிருந்து வந்ததும் "டேய் மேஜர்" என்று அவனை நெஞ்சில் ஏறவிட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ ஒரு வாட்டி ஏறவுட்டா அவன் பத்து வாட்டி ஏறுவான். உன் பொண்டாட்டி கையைப் பாத்தியா? இத்தினி நாளா அது நாயோட மல்லுக்கட்டிக்கினு இருக்குது," என்றீர்கள். பதினைந்து வருஷத்தில் எனக்காக நீங்கள் பேசியது அன்றுதான். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

வண்டி ஒரு சனிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நீங்கள் போன் செய்தீர்கள். "ஆட்டோல வந்துக்கினு இருக்கேன். அவன் சங்கிலியை அவுத்து வுடு."

"வேணாம் அண்ணி. ஊசி போட்ட கை."

"கட்டிப் போட்டுக் காட்டினா உன் வூட்டுக்காரன் நம்புவானா? அவுத்து வுடும்மா."

அவிழ்த்தேன். கொக்கி இரண்டு தடவை நழுவியது. ஆட்டோ நின்றது. மெஷினில் இரண்டு கிலோ நீரை இறக்கிவிட்டு வரும் நாளில் உங்களுக்கு எப்போதும் தலை சுற்றும். கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றீர்கள். மேஜர் ஓடினான். "குந்து" என்று சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. உங்கள் தம்பி கட்டையைக் கையில் எடுத்துவிட்டார்.

நீங்கள் இடது கையை மறைக்கவில்லை. அது பிளாஸ்டரோடு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான். பின்னங்கால் இரண்டும் பதுங்கின. நீங்கள் அசையவில்லை, அவனைக் கூப்பிடவும் இல்லை. முனகினான். பின்பக்கம் பாதி இறங்கியது, எழுந்தது, மறுபடி இறங்கியது. தரையில் பட்டது. உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது, ஆனால் எழவில்லை. நீங்கள் மெதுவாகக் குனிந்து வலது கையை அவன் தாடைக்கு அடியில் வைத்தீர்கள். உள்ளங்கையில் எதுவும் இல்லை. அதை நக்கினான்.

டிரைவர் பீடியைக் கீழே போட்டார். "இது ஷெட்டுக் காவலுக்கு ஆவாதுங்க. சொல்லாமயே குந்திக்கினு இருக்குது," என்றவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உங்கள் தம்பி கட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிறிது நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் நீங்கள் எங்களோடு இருந்தீர்கள். அந்தக் கைக்குக் கடைசி வரை ஒன்றும் ஆகவில்லை. நின்றது இதயம், விழுப்புரத்தில், மெஷினில் இருக்கும்போதே.

காரியம் முடிந்து திரும்பவும் துபாய்க்குக் கிளம்பும்போது உங்கள் பையன் என்னிடம் வந்தான். "அம்மா போன்ல சொல்லுவாங்க அத்தை. 'முன்னல்லாம் பொறை வாங்கிக்கினு போவேன்டா. இப்ப வெறுங்கையோட போறேன். அவ என்னை விருந்தாளியா நடத்தறதில்ல, வூட்டு மனுஷியா வச்சிருக்கா'ன்னு." சொல்லிவிட்டு என் காலைத் தொட்டான்.

நான் அவனைத் தடுக்கவில்லை. என்ன வார்த்தை சொல்லி அந்தக் கையை வெறுங்கை ஆக்கினேன் என்று அவனிடம் சொல்லவும் இல்லை. நீங்கள் என்னைக் காட்டிக் கொடுக்காமல் போயிருக்கிறீர்கள். அவன் அப்படி நம்புகிற சுகத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் குட்டி என்னைப் பிறாண்டி, கடித்து, கீழே தள்ளியது. ஒரு மாதம் முழுக்க அதை ஒரு வார்த்தை திட்டாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். உங்களைத் திட்ட எனக்கு ஒரு பொட்டலம் பொறை போதுமாக இருந்தது. ஒன்றரை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அதை உங்களிடம் சொல்ல ஒரு நாளும் வாய் வரவில்லை.

நான் பேசியது தப்பு, அண்ணி.