மண்ணைக் கட்டிப்போட்டவருக்கு

அடுத்த வீட்டில் மாடி எடுக்கிறார்கள். காலையில் சிமெண்டுக் கலவையில் தண்ணீர் விழுந்ததும் அந்தச் சூடான வாடை என் சன்னலுக்குள் வந்தது. செய்தித்தாளை மடித்துவிட்டு உமக்கு எழுத உட்கார்ந்தேன். நீர் போய் ஏழு வருடம். மடலை எங்கே சேர்ப்பது என்று கேட்காதீர்.

எழுபதுகளில் புதுத் துறைமுக வேலை நடந்தபோது நீர் அங்கே மண் சோதனை ஓவர்சியர். நான் மாப்பிள்ளையூரணிப் பக்கம் வாத்தியார். எங்கள் பள்ளிக் கிணற்றுக்கு இருபதடி தள்ளி, பழைய பாட்டரிகளை உருக்கி ஈயம் எடுத்த பட்டறை ஒன்று மூடிக் கிடந்தது. அதன் கழிவு மண்ணோடு மண்ணாகியிருந்தது. அங்கே மேய்ந்த இரண்டு ஆடுகள் செத்ததும் உம்மிடம் ஓடி வந்தேன். கிணற்றுத் தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு வந்து சொன்னீர்: “ஈயம் இன்னும் கெணத்துல எறங்கல வே. ஐப்பசி மழைக்குள்ள மண்ணக் கட்டிப்போடணும். இல்லன்னா உம்ம பிள்ளைக ஈயத்தத்தான் குடிக்கும்.”

மண்ணை எப்படிக் கட்டுவது? எனக்கு விளங்கவில்லை. சில நாள் கழித்து இரண்டு கண்ணாடிச் சாடிகளோடு என் வகுப்புக்கு வந்தீர். ஒன்றில் அந்த மண்ணின் கட்டியைப் போட்டீர். நொடியில் கரைந்து சேறானது. மற்றதில், சிமெண்டு கலந்து இறுகவைத்த அதே மண். மாலைவரை அது அசையவில்லை, தண்ணீரும் கலங்கவில்லை.

“சிப்பிக்குள்ள முத்து மாதிரி” என்றேன்.

“முத்துன்னு சொன்னா எடுத்துப் பாப்பானுவ. சட்டியில அடைச்ச பாம்புன்னு சொல்லிக்குடும். தெளிஞ்ச தண்ணியெல்லாம் நல்ல தண்ணியும் இல்ல.” அந்தச் சாடித் தண்ணீரையும் சோதித்த பிறகுதான் வேலையைத் தொடங்கினீர்.

உப்பளத்துப் பெண்கள் ஆறு பேர் வந்தார்கள். உப்புப் பாத்தியின் தரை இறுக அதைக் காலால் மிதிப்பது அவர்கள் வழக்கம். நீர் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரத்தில், சிமெண்டு கலந்த மண்ணிலும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். நீர் கத்தியதை அன்றுதான் கேட்டேன்.

“உப்புல நின்ன காலு அண்ணாச்சி, இதுக்கா பயப்படும்?” என்று பேச்சியம்மாள் சிரித்தாள்.

“உப்ப நீ திங்குத. இந்தச் சிமெண்டு ஒன்னத் திங்கும், ஏளா. வெளிய வா.”

குடிக்க வைத்திருந்த பானையைத் தூக்கிவந்து, குனிந்து, ஆறு பேர் காலிலும் நீரே ஊற்றினீர். பிறகு திமிசுக்கட்டை கொண்டு இடித்து இறுக்கினோம். ஈரச்சாக்கு போர்த்தி, காயாமல் காத்தோம்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. அது வெறித்த பின் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொண்டுபோனீர். மறுநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஒரு வாளி இறைத்துக் குடித்தீர். நஞ்சு எங்கும் போகவில்லை. இருபதடி தள்ளி அப்படியே கிடந்தது. ஒரு சாம்பல்நிற மாவும் கொஞ்சம் தண்ணீரும் அதைப் பிடித்து நிறுத்தியிருந்தன. எத்தனையோ வருடம் அறிவியல் நடத்தியவன், அந்தத் தரையை அன்று கும்பிடத் தோன்றி நின்றேன்.

“நாம செத்தாலும் அது அங்கனயே கெடக்கும். தோண்டாமப் பாத்துக்கிட ஆளு வேணும் வே” என்றீர்.

ஓய்வு பெற்ற பிறகும், ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும் நாளில் போய், அங்கே தோண்டக் கூடாது என்று சொல்லி வருகிறேன். இந்த வருடம் அந்த இடத்தில் மரக்கன்றுக்குக் குழி குறித்திருந்தார்கள். புதுத் தலைமையாசிரியை முழுவதையும் கேட்டுவிட்டுக் குழிகளைத் தெற்கே மாற்றினார். “அடுத்த வருசம் வெயில்ல அலையாதீங்க சார், நானே எல்லார்ட்டயும் சொல்லுதேன்” என்றார். சொல்லக்கூடியவர்தான்.

இருந்தாலும் போவேன்.