கால்பைக் கடை

மே 7, 1958. புதன்.

கத்திரி வெயில். செங்கல்பட்டு ஏரிக்காற்றே சுடுகிறது. கடைசிக் கட்டு தைத்து முடிந்தது. மைமூனுக்கு முதுகு வலி. தைலம் வாங்க மறந்தேன், பெண்டாட்டியிடம் திட்டு.

யோசனை என்னுடையது என்று இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் எவனாவது தன்னுடையது என்பான். திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் கழுகுக்குச் சோறு வைப்பது உச்சிவேளைக்குப் பக்கத்தில்தான். பார்க்க மெட்ராஸ் ஜனம். செருப்பு அடிவாரத்தோடு சரி. இறங்கும்போது கருங்கல் படி கொதிக்கும். பெரிய ஆபீசர்களெல்லாம் வாணலிக் கடுகு மாதிரி துள்ளிக்கொண்டு வருவதை ஊரே வருஷக்கணக்காகப் பார்த்துச் சிரித்தது. எனக்கு மட்டும்தான் அதில் வியாபாரம் தெரிந்தது!

மலையில் தோல் கூடாது. துணி கூடும். ஆகவே: கோணியில் அடி, உள்ளே தேங்காய் நார், மேலே காடாத் துணி, கட்ட நாடா. பெயர் கால்பை. வாடகை இரண்டணா. முன்பணம் கிடையாது; அவரவர் செருப்பை என்னிடம் விட்டுப் போகவேண்டும். கால்பை திரும்பினால்தான் செருப்பு. எவன் ஓடுவான்? இதை யோசித்த அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அண்ணனுடைய தோல் மண்டியிலிருந்து என் பங்கைப் பிரித்து முழுதும் இதில் போட்டாயிற்று. அண்ணன் சொன்னது: "கோணியத் தச்சு ஊரான் கால்ல மாட்டப் போறியா? மழைக்கு முன்னாடி மண்டி வாசல்ல வந்து நிப்படா." நிற்க மாட்டேன். பழைய கோணி மட்டும் அவர் மண்டியிலேயே எடுத்தேன். சும்மா கிடைப்பதை விடுவானேன்.

மே 8. வியாழன்.

மலையடிவாரத்தில் முதல் நாள். கோயில் மணியக்காரர் ஒரு கால்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோல் இல்லேன்னா சரி, பாய். சாமி வாசல்ல கழட்டிக் கையில வச்சுக்கச் சொல்லு."

பதினொரு மணிக்குள் அத்தனையும் போய்விட்டது. காதில் விழுந்தவை:

"இன்னா பாய் இது, கரடிக் கால் மாதிரி கீது!"

"கரடியோ கழுதையோ, சுடல இல்ல? போட்டுகினு வா."

கழுகு வந்ததாம். நான் பார்க்கவில்லை. கடையை விட்டு எப்படிப் போவது. வீட்டுக்கு அரை வீசை பேரீச்சை.

மே 11. ஞாயிறு.

எழுதக் கை வரவில்லை. நல்ல கூட்டம். பாதி மலையில் ஒரு அம்மாள் காலை உதறிக் கத்தினாளாம்: "ஐயோ, தோலு நாத்தம்! உள்ள தோல வச்சுத் தச்சிருக்கான்!" பின்னால் வந்தவர்கள் எல்லாம் மோந்து பார்த்துக் கழற்றி எறிந்தார்கள். கடையைச் சுற்றிக்கொண்டார்கள். "இவங்க அண்ணனுக்குத் தோல் மண்டிதானே!" என்று உள்ளூர்க்காரன் ஒருத்தன் வேறு எடுத்துக் கொடுத்தான். எனக்கு வெறி. கத்தரிக்கோலால் நாலு ஜோடியைக் கிழித்து நடுத்தெருவில் கொட்டினேன். நார், கோணி, வேறொன்றுமில்லை. "பாருங்கய்யா! எங்க கீது தோலு?"

மணியக்காரர் குனிந்து ஒரு கோணித் துண்டை மோந்தார். மூக்கைச் சுளித்தார். "தோல் இல்ல, ஒத்துக்கறேன். வாடை இருக்குதே. கடையை எடுத்துடு."

என் மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. சத்தியமாக.

மே 12. திங்கள்.

சாப்பிடவில்லை. மைமூன்: "மொத நாளே சொன்னேனா இல்லியா, கோணி நாறுதுன்னு? உனக்கு சளின்னீங்க." சொன்னேன்தான். அவள் சதுரங்கப்பட்டினத்து ஜவுளிக்கடை வீட்டுப் பெண், மூக்கு மூக்காக இருக்கிறது. நான் பச்சைத்தோல் குவியலில் ஏறி விளையாடி வளர்ந்தவன். எனக்கு அதுதான் காற்று.

மண்டிக்குத் திரும்பிவிடட்டுமா என்று கேட்டேன். முறைத்தாள். "நார் நல்லாதான கீது? துணி நல்லாதான கீது? அடிய மட்டும் மாத்துங்க. அரிசி மில்லு கோணி வாங்கியாங்க."

அவள் சொன்னது சரி. பிரித்துத் தைக்கலாம்! சைக்கிளை விற்றேன். மணியக்காரர் காலில் விழாத குறையாகக் கேட்டு ஞாயிறு வரை தவணை. "என் மூக்கு ஒத்துக்கினா கடை. இல்லேன்னா இந்தப் பக்கமே வராத" என்றார்.

மே 16. வெள்ளி.

ஜும்ஆ தொழுகைக்குப் போய் வந்ததும் மறுபடி பிரிப்பு வேலை. விரலெல்லாம் ஊசிக்குத்து. இனி எதை வாங்கினாலும் மைமூன் மோந்து சரி என்றால்தான். சட்டமாக வைத்துவிட்டேன்.

மே 18. ஞாயிறு.

மணியக்காரர் நாலு பேருக்கு முன்னால் மூட்டையின் அடியிலிருந்து உருவினார். மோந்தார். இன்னொன்று. "தவிட்டு வாசனை. பசி எடுக்குது, பாய்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன், கூட்டத்தில், வெட்கமில்லாமல்.

மத்தியானத்துக்குள் ஒரு ஜோடி மிச்சமில்லை. மாமல்லபுரத்துக்குப் போகிற பஸ் கோஷ்டி ஒன்று, "கடற்கரை மணல்லயும் கால் வேகுதே, அங்க ஏன்யா போடல?" என்றது. அந்த நிமிஷமே மனசில் அங்கே கொட்டகை போட்டுவிட்டேன். நான் யார்!

மே 19. திங்கள்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். இனிப்புப் பொட்டலத்தோடு. சேதி எட்டிவிட்டது. "போட்டதுக்கு ரெண்டு பங்கு தரேன். கடைய எனக்குக் குட்த்துட்டு மண்டிக்கு வந்துடு. கணக்குல உக்காந்துக்க. உனக்கு இன்னாத்துக்குடா இந்த வெயிலு?"

இரண்டு பங்கு! சைக்கிள் இல்லை, கையில் காசு இல்லை, வாய் 'சரிண்ணே' என்று சொல்லத் திறந்துவிட்டது.

கல்யாணமான நாள் முதல் மைமூன் அண்ணன் எதிரில் குரல் எடுத்ததில்லை. எங்கள் வழக்கம் அப்படி. எதுவானாலும் என்னிடம் சொல்லி நான்தான் சொல்லவேண்டும். இன்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து தெளிவாக: "கடை விக்கறதுக்கு இல்ல, மச்சான். நாங்க நாளைக்கு மாமல்லபுரத்துல எடம் பாக்கப் போறோம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற?"

"அவ சொன்னதுதாண்ணே."

டீயை முழுதும் குடித்துவிட்டுத்தான் போனார். உள்ளே போனேன். மைமூன் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம். காலை முதல் பஸ்.