யோனாவுக்கு வாங்கிய வெயில்

அக்கா,

போன வாரம் ஒரு கோழிப் பண்ணைக்காரர் கடைக்கு வந்து, குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் சிவப்பு பல்பு கேட்டார். எரிகிறதா என்று பார்க்க மாட்டினேன். மேலே படிந்திருந்த தூசி கருகி ஒரு வாடை வந்தது. அந்த வாடையோடு நான் உன் முன்னறைக்குப் போய்விட்டேன். பாவம், அவர் இரண்டு முறை விலை கேட்டாராம்.

அங்கேதான் இருந்தது, உன் மகன் பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆசைக்கு வளர்த்த ஆஸ்திரேலிய ஓணான். முழங்கை நீளம், கழுத்தைச் சுற்றி முள்தாடி. கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பியதும், கண்ணாடித் தொட்டியோடு சித்தூருக்குக் கொண்டுவந்து உன்னிடம் விட்டான். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றான். ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள் நீ. யாரையும் சேர்க்க முடியாது என்று சொல்ல உனக்கு வராது. பைபிளில் மீனின் வயிற்றிலிருந்து உயிரோடு வந்தவரைப்போல, பஸ்ஸின் வயிற்றுக்குள் கிடந்து உயிரோடு வந்ததால் அதற்கு யோனா என்று பெயர் வைத்தாய்.

அதற்குத் தன்னால் உடம்பில் சூடு ஊறாது, விளக்குதான் வெயில் என்று மகன் போனில் சொன்னான். எலக்ட்ரிக்கல் கடைக்காரத் தம்பி இருக்கும்போது என்ன கவலை? நூறு வாட் பல்பைத் தொட்டிக்கு நட்டநடுவே தொங்கவிட்டேன். மதியத்துக்குள் யோனா வாயைப் பிளந்துகொண்டு கண்ணாடியைப் பிறாண்டியது.

"டேய், இது வெயில் இல்லடா, அடுப்பு. ஒரு ஓரமா காயணும், இன்னொரு ஓரத்துல நெழலு வேணும். நீ மட்டும் கடையில ஃபேனுக்குக் கீழ குந்திக்கினு இருக்கல?" என்று திட்டினாய்.

விளக்கை ஓரத்துக்கு மாற்றி, புத்தலப்பட்டு ரோட்டுக் கோழிப் பண்ணையில் கேட்டு வாங்கிய சிவப்பு பல்பை மாட்டினேன். யோனாவுக்குப் பிடித்துவிட்டது. தெருவுக்குத்தான் பிடிக்கவில்லை. பொழுது சாய்ந்தால் உன் சன்னல் சிவப்பாகத் தகதகக்கும். எதிர்வீட்டு அம்மா உன் பெயரைச் சொல்லாமல் தெலுங்கில் ஊரெல்லாம் பேசினாள். கடைசியில் சபைப் போதகரே வந்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். அந்த லைட்டு... ஜனங்க கேக்கறாங்க."

நீ திரையை விலக்கினாய். கல்லின்மேல் யோனா கண்ணை மூடிச் சூடு காய்ந்துகொண்டிருந்தது. போதகர் குனிந்து அதைப் பார்த்தார். "இதுக்கும் சேத்து ஜெபிச்சிடறேன்" என்று சொல்லி, காபி குடிக்காமல் போனார்.

பிறகு அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்த நண்பனிடம் மகன் ஒரு பல்பு கொடுத்தனுப்பினான். சூட்டோடு புற ஊதாக் கதிரும் தருமாம். பஞ்சைப் பிரித்து, பெருமையாக மாட்டி, சுவிட்சைப் போட்டேன். வெடித்தது. வீடு இருண்டது. அந்த ஊர்க் கரண்டு நூற்றுப்பத்து வோல்ட், நம்முடையது இருநூற்று முப்பது என்பது இருட்டில் நின்றபோதுதான் எனக்கு நினைவு வந்தது.

"போர்டுல எலக்ட்ரிக்கல்ஸ்னு எழுதி வெச்சிக்கினு இருக்கியே, அத மொதல்ல கழட்டுடா" என்றாய், மெழுகுவர்த்தியைத் தேடியபடி.

சிரிப்பு அதோடு நின்றது. யோனாவின் பின்கால்கள் நடுங்கத் தொடங்கின. கல்லின்மேல் ஏற முடியாமல் வழுக்கியது. எதிர்வீட்டு அம்மா மனம் இரங்கி, "புத்தூர் எலும்பு வைத்தியர்கிட்ட கூட்டிக்கினு போய் கட்டு போடுங்க" என்றாள். முறிந்த எலும்புக்குத்தான் கட்டு, இது வேறு என்று சொல்லிவிட்டு, திருப்பதியில் கால்நடை டாக்டரிடம் போவதென்று முடிவு செய்தாய்.

மூடிய கூடையோடு பஸ் ஏறினோம். உள்ளே கோழியா என்று கண்டக்டர் தெலுங்கில் கேட்டார். ஓணான் என்றாய். மூடியைத் தூக்கிப் பார்த்தவர், டிக்கெட்டே கேட்காமல் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையையே பார்த்தாய்.

"இது செத்துட்டா அவன் எதுக்குடா போன் பண்ணுவான்?"

எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. மகன் ஞாயிறுதோறும் கேட்டதெல்லாம் யோனாவுக்கு எத்தனை டிகிரி, யோனா என்ன துன்னுச்சு, அவ்வளவுதான்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "சூட்டுக்கு ஒரு லைட்டு, எலும்புக்கு ஒரு லைட்டும்மா. நீங்க சூடு மட்டும்தான் குடுத்துக்கினு இருக்கீங்க. எலும்புக்கு வேண்டிய கதிரு கண்ணாடியத் தாண்டி உள்ள போவாது. மூடிய எடுத்துட்டு கம்பிவலை போடுங்க. காலையில வெயில் காட்டுங்க." சுண்ணாம்புச் சத்துப் பொடியும் எழுதிக் கொடுத்தார்.

சென்னையிலிருந்து புற ஊதா டியூப் வரவழைத்து, இந்த முறை வோல்ட்டை இரண்டு தரம் படித்துப் பார்த்து மாட்டினேன். காலையில் நீ மாடியில் குடை பிடித்து உட்காருவாய். குடை உனக்கு, வெயில் யோனாவுக்கு. மழைக்காலம் வருவதற்குள் அது தானாகக் கல்லின்மேல் ஏறியது. நீ கைதட்டினாய்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து மகனோடு பேசிக்கொண்டிருந்தாய். தெர்மாமீட்டர் நாற்பது காட்டியது. இருக்கவேண்டிய சூடு அதுதான். நீ போனில், "முப்பத்தஞ்சு தாண்ட மாட்டேங்குதுப்பா" என்றாய். விளக்கை இறக்கு, கல்லை நகர்த்து என்று அவன் விடாமல் யோசனை சொன்னான். நீ எழுந்திருக்காமலே "ம், எறக்கிட்டேன்", "ம், நகத்திட்டேன்" என்றாய். போனை வைத்ததும் ஏன் என்று கேட்டேன்.

"சரியா இருக்குதுன்னா வெச்சுடுவான்டா."

இப்போது யோனா என் வீட்டில் இருக்கிறது. உன் ஞாயிற்றுக்கிழமையும் என்னிடம்தான். உன் அடக்கம் முடிந்து மகன் திரும்பிப் போன பிறகு முதல் முறையாகக் கூப்பிட்டான். "எவ்ளோ இருக்குது மாமா?" உன்னைப் போலச் சொல்லத்தான் நினைத்தேன், அக்கா. பொய் வாயில் வரவில்லை.

"நாப்பது. சரியா இருக்குதுடா."

வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"அம்மா ஒரு நாள்கூட சரியா இருக்குதுன்னு சொன்னதில்ல மாமா" என்றான். போனை வைக்காமல், "நீ துன்னியா?" என்று கேட்டான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.