சித்திரையில் சூடு ஊதிய ஏசி

பவுனு இன்று காலை மதில் மேலே கையை நீட்டி ஒரு பொட்டலம் கொடுத்தாள். பிரித்தால் நெத்திலிக் கருவாடு. “அக்கா மெஷின்ல காஞ்சதுண்ணே. அக்காவுக்கு வச்சிட்டு அப்புறம் நீ துன்னு” என்றாள். வைத்தேன். உன் படத்துக்கு முன்னால் தட்டில் இருக்கிறது, வீடு முழுக்க அதன் வாடை. மல்லிப்பூவை விட இதுதான் உனக்குப் பிடிக்கும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த வாடைதான் என்னை எழுத உட்கார வைத்தது. உன்னிடம் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. பயப்படாதே, அழுகிற விஷயம் இல்லை. உன் அறையின் ஏசி மக்கர் செய்த கதை. நீ இருந்திருந்தால் சமைப்பதை விட்டுவிட்டு ஓடி வந்து வேடிக்கை பார்த்திருப்பாய்.

உன் ஏசி என்று சொல்கிறேன், ஏனென்றால் அதை வாங்க வைத்தது நீ. செங்கல்பட்டுக் கடையில் அந்த மாடல் ஓர் ஓரமாகக் கிடந்தது. குளிர்காற்றும் தரும், சூடான காற்றும் தரும். கடைக்காரரே, “இது எப்படியோ தப்பி வந்துடுச்சி சார், இங்க யாரும் வாங்க மாட்டாங்க” என்று கை கழுவிய சரக்கு. நான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். நீ அதன் முன்னால் போய் நின்றுகொண்டாய். “ஒரே பொட்டி சூடும் குடுக்கும், சில்லுனும் குடுக்கும்னா, உள்ள இன்னாதான் கீது மாமா?” என்றாய். கடற்கரையில் குடியிருக்கிறவர்களுக்கு ஹீட்டர் எதற்கு, வாங்கி வைத்து வேடிக்கையா பார்க்கப் போகிறாய் என்று கேட்டேன். “ஆமா” என்றாய். அவ்வளவுதான், வாங்கியாயிற்று.

மறைமலைநகர் கம்பெனியில் காலமெல்லாம் கார் பாகங்களோடு கிடந்தவன் நான். ஆனாலும் வீட்டில் ஒரு பொருள் ஓடாவிட்டால் நான் அதைத் திட்டத்தான் செய்வேன். பிளவுஸ் தைக்கிற நீதான் தையல் மெஷினைப் பாயில் பிரித்துப் போட்டு, எந்தப் பல் எந்தப் பல்லைத் தள்ளுகிறது என்று மணிக்கணக்கில் பார்ப்பாய். திரும்பப் பூட்டிய பிறகு ஒரு திருகாணி எப்போதும் மிச்சமிருக்கும். அது இல்லாமலே மெஷின் நன்றாகத்தான் ஓடும்.

ஏசியின் வெளிப்பெட்டியை நம் வீட்டுக்கும் பவுனு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சந்தில் மாட்டினார்கள். ஒரு வாரத்தில் பவுனு அதன் முன்னால் முறத்தில் மீனைப் பரப்பிவிட்டாள். புருஷன் வலையில் வந்த மிச்சம் மீதி. மணலில் போட்டால் காக்காய், இங்கே காக்காயும் வராது, காற்றும் சூடாக வரும். நான் குதித்தேன். ஏசி வழியாக வாடை முழுக்க உள்ளே வரப்போகிறது, படுக்கையெல்லாம் கருவாடு நாறப்போகிறது என்று கத்தினேன். நீ அறைக்குள் போய் மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தாய். பிறகு சந்துக்குப் போய்ப் பெட்டியின் முன்னால் கையைக் காட்டினாய். “வெளிக்காத்து உள்ள வரல மாமா. உள்ள இருக்குற சூட்ட மட்டும்தான் எடுத்தாந்து இங்க கொட்டுது. தொட்டுப் பாத்துட்டு அப்புறம் திட்டேன்” என்றாய். பவுனு அன்றிலிருந்து அதை அக்கா மெஷின் என்றே சொல்கிறாள்.

பிறகு உனக்குச் சிறுநீரகம் கெட்டது. செங்கல்பட்டுக்கு டயாலிசிஸுக்குப் போய்ப் போய் வந்தோம். ஒவ்வொரு தடவையும் வண்டியை விட்டு இறங்கும்போதே உனக்குப் பல் கிட்டும். ஊரே விசிறிக்கொண்டிருக்க, நீ இரண்டு போர்வைக்குள் கிடந்து, “குளுருது மாமா” என்பாய். அப்போதுதான் ரிமோட்டில் அந்தச் சூரியப் படம் போட்ட இடத்துக்கு முதன்முதலாகப் போனேன். அறை அடுப்படியாயிற்று. பார்க்க வந்த உறவெல்லாம் நலம் விசாரித்த கையோடு வாசலுக்கு ஓடினார்கள். உன் முகத்தில் மட்டும் களை வந்தது. பனியனும் துண்டுமாக உன் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் வேண்டாத பெட்டி உனக்கு உதவியதே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கார்த்திகை மழையில் நீ போனாய். ரிமோட்டை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு அறையைச் சாத்தினேன். அதற்குப் பிறகு அங்கே எனக்கு வேலை இல்லை.

இந்தச் சித்திரையில் வேலை வந்தது. நம் சங்கீதாவுக்குப் பெண் குழந்தை. கேட்டாயா, நீ பாட்டியாகிவிட்டாய். பிரசவம் முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வருவதுதானே முறை? அதில்தான் சிக்கல். படூர் சம்பந்தியம்மா போனில் பேசினார்கள். “அண்ணே, தப்பா நெனக்காதீங்க. அம்மா இல்லாத வூடு. பச்ச ஒடம்பு, பச்சக் கொழந்த. இந்த வெயில்ல வேர்க்குரு வந்தா நீங்க ஒண்டியா இன்னா பண்ணுவீங்க? இங்க எல்லா ரூம்லயும் ஏசி கீது, இங்கியே இருக்கட்டும்.” நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் நெஞ்சில் முள் குத்தியது. அம்மா போய்விட்டால் மகளுக்கு வந்து தங்க வீடும் போய்விடுமா?

சங்கீதா தனியாகக் கூப்பிட்டாள். “ப்பா, நான் நம்ம வூட்டுக்குத்தான் வருவேன். பவுனு அக்கா கொழந்தையக் குளிப்பாட்டி வுடறேன்னு சொல்லிக்கீது. அம்மா ரூம் மட்டும் சில்லுனு இருந்தா போதும், யாரும் வாயத் தொறக்க முடியாது.” வெள்ளிக்கிழமை வருவதாகப் பேச்சு.

அறையைத் திறந்து, துடைத்து, தொட்டில் கட்டக் கொக்கியைச் சரிபார்த்து, கடைசியாக ஏசியைப் போட்டேன். ரிமோட்டைச் சூரியனிலிருந்து குளிருக்கான பனிப்பூப் படத்துக்கு மாற்றியிருந்தேன். காற்று வந்தது. சூடாக வந்தது.

நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். திட்டினேன். பேட்டரியை மாற்றினேன், வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன், மறுபடி திட்டினேன். பிறகு மெக்கானிக் ரஃபியை வரவழைத்தேன். அவன் அவசரமாக வந்தான், வெளிப்பெட்டியின் துருவைப் பார்த்தான், முடிவு சொன்னான். “கடல் காத்துண்ணே. உள்ள செம்புக் கொழா அரிச்சிருக்கும், கேஸ் போயிருக்கும். கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிக்கோங்க. ஆனா சீசன் டைமு, மாட்டறதுக்கு ரெண்டு வாரம் ஆவும்.”

இந்தக் கரையில் எது கெட்டாலும் உப்புக்காற்றுதான். ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால் உப்புக்காற்று, கேட் கிரீச்சிட்டால் உப்புக்காற்று. என் தலை வழுக்கையானதற்கும் அதையே காரணம் சொல்லி உன்னிடம் தப்பித்துக்கொண்டிருந்தேன். பாதி நேரம் அது உண்மையும்கூட. அதனால் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. படூருக்குப் போன் போட்டு, குழந்தை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

எண்ணைத் தேடும்போது கை தானாக ஏசிக்கு நேரே போனது. அது உன் பழக்கம், என்னுடையது இல்லை. அந்தக் காற்று அறையை விடச் சூடாக இருந்தது. சும்மா வெப்பம் இல்லை, நன்றாகவே சுட்டது. நீ இருந்தால் உடனே கேட்டிருப்பாய்: கேஸ் போய்ப் பெட்டி காலியாகிவிட்டது என்றால் வெறும் காற்றுதானே வரணும்? இந்தச் சூடு எங்கிருந்து வருது? எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கேள்வி பிடித்துக்கொண்டது. போனைக் கீழே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சந்திலிருந்து பவுனுவின் குரல். “இன்னாண்ணே, மெஷினப் போட்டியேன்னு மீன வச்சேன். ஈரம் வுட்டுக்கினு கீது. காத்து சில்லுனு வருதே!”

சந்துக்கு ஓடினேன். வெளிப்பெட்டியின் முன்னால் கையை நீட்டினேன். மண்டையைப் பிளக்கும் வெயிலில் அது ஜில்லென்று ஊதிக்கொண்டிருந்தது. அடியில் தண்ணீர்கூடச் சொட்டியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். பவுனு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஏனென்றால் இதே புகாரை அவள் முன்பும் ஒருமுறை கொண்டுவந்திருக்கிறாள். நீ படுக்கையில் இருந்தபோது. அறைக்குச் சூடு போட ஆரம்பித்த நாட்களில் மீன் காயவில்லை என்று ஜன்னல் வழியாக உன்னிடம் முறையிட்டாள். தலையைத் தூக்கத் தெம்பில்லாத நீ அதைக் கேட்டதும் கண்ணைப் பெரிதாக்கினாய். “அப்ப இது சூட்ட உண்டாக்கல மாமா. வெளிய இருக்கிற சூட்ட எடுத்துக்கினு உள்ள வருது. அதான் வெளிய சில்லுனு ஆவுது. பொட்டி அதேதான், திரும்பி நின்னு வேல செய்யுது!” கடையில் நீ கேட்ட கேள்விக்கு நீயே பதில் கண்டுபிடித்துவிட்டாய். அன்றைக்கு முழுக்க வலியைப் பற்றி நீ பேசவில்லை.

அப்படியானால் பெட்டி காலியாகவில்லை. இன்னும் திரும்பித்தான் நின்றுகொண்டிருக்கிறது. ரஃபியை மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன். நம்பாமல் வந்தவன் கையை வைத்துப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். “அட, வால்வு மாட்டிக்கினு கீதுண்ணே! கேஸ் எந்தப் பக்கம் போவணும்னு மாத்தி வுடற வால்வு. கடைசியா எந்தப் பக்கம் ஓடிச்சோ அங்கியே நின்னுபோச்சி. ரொம்ப நாளா போடாம வச்சிருந்தீங்களா?” மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டான். “கடைசியா ஹீட்லயா ஓடிச்சி? இந்த ஊர்ல ஹீட்டு எவன்ணே போடுவான்?”

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பவுனுதான் சொன்னாள். “அக்கா போட்டுச்சி.”

ரஃபி மூடியைக் கழற்றிக் கீழே வைத்தான். நான் துருப்பிடித்த அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்காகக் கடைசியாகத் திரும்பியது, இத்தனை மாதமாக அப்படியே இருந்திருக்கிறது. அப்படியே இருக்கட்டுமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. குழந்தையின் நினைப்பு வந்து என்னைத் தள்ளியது.

“உள்ள போயி மாத்தி மாத்திப் போடுங்க” என்றான் ரஃபி. நான் ரிமோட்டோடு உன் கட்டிலருகே நின்றேன். சூரியன், பனிப்பூ, சூரியன், பனிப்பூ. ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து அவன் குரல் கொடுக்க, நான் அமுக்க, அவன் வெளியே திருப்புளியின் கட்டைப் பிடியால் வால்வைத் தட்டிக்கொண்டே இருந்தான். பலமுறை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுவருக்கு வெளியே பெரிதாக ‘புஸ்’ என்று ஒரு சத்தம். “சுடுதுண்ணே! சுடுது!” என்று பவுனு கூவினாள். என் முகத்தில் குளிர்காற்று பட்டது.

மூடியைப் பூட்டும் முன் ரஃபி ஒரு யோசனை சொன்னான். “ஹீட்டுக்குப் போற ஒயரக் கழட்டி வுட்டுடறேன். கூலிங் மட்டும் ஓடும், வால்வு மாட்டற கதையே இருக்காது. இங்க சூடு யாருக்கு வேணும்?” நியாயமான பேச்சு. வேறு வழி இல்லையா என்று கேட்டேன். “கீது. மாசம் ஒரு வாட்டி கொஞ்ச நேரம் ஹீட்ல ஓட்டணும், அப்பதான் வால்வு அசைஞ்சுகினு இருக்கும். பேஜாருண்ணே அது.”

“ஒயரக் கழட்டாத. பேஜார நான் பாத்துக்கறேன்” என்றேன்.

வெள்ளிக்கிழமை சங்கீதா வந்தாள். பவுனு ஆரத்தி எடுத்தாள். சம்பந்தியம்மாவும் கூடவே வந்து, அறையில் சிறிது நேரம் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “ஏசியக் கொறச்சி வைங்க அண்ணே, கொழந்தைக்கு இவ்ளோ ஆவாது” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜெயித்தது நாம்தான். உன் பேத்திக்கு உன் மூக்கு. எதைக் கண்ணெதிரே காட்டினாலும் முறைத்துப் பார்க்கிறாள்.

மாதம் திரும்பியது. குழந்தையைப் பவுனு குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு சூரியப் படத்துக்குப் போனேன். கட்டிலில் நீ படுக்கும் பக்கத்தை விட்டு உட்கார்ந்தேன். சூடு மெல்ல ஏறியது. பனியன் முதுகில் ஒட்டியது. உன்னை எனக்கு எவ்வளவு தேடுகிறது என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தாள் சங்கீதா. “இன்னாப்பா, கொதிக்குது! மறுபடியும் போச்சா?”

“இல்லம்மா. வால்வு மாட்டாம இருக்கறதுக்கு. மாசம் ஒரு வாட்டி ஓட்டணுமாம்.”

அவள் ஏசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நான் விட்டு வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள். உள்ளே வந்து, சூடு வெளியே போகாமல் கதவைச் சாத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். “இவ்ளோ சூட்டுலயா அம்மா தூங்குச்சி?” என்று கேட்டாள். போர்வையும் போர்த்திக்கொண்டுதான் என்றேன். இருவரும் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தோம். வெளியே குழந்தை அழும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் எழுந்தாள்.

“அடுத்த மாசம் போடறப்ப என்னையும் கூப்புடு” என்றாள்.

கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.