போகாத ஞாயிறுகள்

ஜூன் 4, வியாழன்

வியாழக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம்தான். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். இவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது. இத்தனை காலம் மேலும் கீழும் போய் வந்தாயிற்று, இனிமேல் பக்கவாட்டில் போகவேண்டும் என்பார்.

காலையில் கிளம்பி விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பும்படி ஓர் ஆறு, ஒரு சின்ன ஊர். ஆறு அவர் பொறுப்பு: அணை கட்டாத, கரை கட்டாத, தன் இஷ்டத்துக்கு ஓடும் ஆறாக இருக்கவேண்டும். ஊர் என் பொறுப்பு: ஒரே ஒரு கடைத்தெரு, மாடிகளில் பூந்தொட்டி, நிழலில் ஒரு நல்ல பெஞ்சு. வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் அடுத்தவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது வேறு ஏதாவது கண்ணில் படவேண்டாமா?

இந்த ஞாயிறு இரட்டைப் பாறை ஆறு, பிறகு மணிக்கூண்டு உள்ள ஊர். பெரிய பாறையில் உட்கார்ந்து ரொட்டி தின்பது, நான் தண்ணீரில் கால் வைப்பது, நான் வழுக்கினால் அவர் பிடிப்பது வரை பேசி முடித்துவிட்டோம். இவருக்குத் திட்டம் போடுவதிலேயே பாதி சந்தோஷம் தீர்ந்துவிடும்.

ஜூன் 7, ஞாயிறு

போகவில்லை. காரில் கிளச் போய்விட்டது. நாள் முழுக்க இவர் தலை பானெட்டுக்குள். ரொட்டியை வாசற்படியில் உட்கார்ந்து தின்றோம்.

ஜூன் 14, ஞாயிறு

இன்று போனோம். எழுதிவைக்காவிட்டால் நானே நம்பமாட்டேன்.

ஆற்றுக்கு இறங்கும் வழியில் ஒரு டீக்கடை. நாங்கள் இதுவரை காலெடுத்து வைத்திராத இடம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே இரண்டு டீ போட்டு நீட்டினார். ஒன்றில் சர்க்கரை இல்லை, ஒன்றில் இரண்டு கரண்டி. சர்க்கரை இல்லாததை இவரிடமும் மற்றதை என்னிடமும் சரியாகக் கொடுத்தார்.

"போன ஞாயிறு அம்மா பாறையில வழுக்கி, ஐயா பிடிச்சு, ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றார்.

போன ஞாயிறு நாங்கள் வாசற்படியில் அல்லவா இருந்தோம்? நான் சொல்ல வாயெடுத்தேன். இவர் என் காலை மிதித்துவிட்டு, "ஆமா, நல்ல வேளை பிடிச்சேன்" என்று ஒத்து ஊதினார். வயதான புருஷன் பெண்டாட்டி எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருப்பார்களாம், பிறகு இவர் சொன்ன சமாதானம். இருக்கட்டும். சர்க்கரையுமா ஒரே அச்சு?

ஜூன் 21, ஞாயிறு

போகவில்லை. கடையில் இருப்புக் கணக்கெடுப்பு, முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். இன்றைக்குத் திட்டம் போட்டிருந்த நீலக்கதவு ஊர் அடுத்த வாரம்.

ஜூன் 28, ஞாயிறு

அழகான ஊர். தெரு முழுக்க நீலக்கதவுகள், ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு பூனை. ஆனால் அழகை எங்கே ரசிக்கவிட்டார்கள்? ரொட்டிக் கடைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னங்க இன்னிக்கு உம்முன்னு இருக்கீங்க? போன வாரம் கடையையே சிரிக்க வச்சீங்களே" என்கிறாள்.

நானா? கடையையா? எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இங்கே நான் குனிந்து பிரேம்களை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் எவளோ என் முகத்தை வைத்துக்கொண்டு ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறாள். உலை வைத்தவள் நான், உண்டு களித்தவள் அவள்.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன்: நாம் திட்டம் போட்டுவிட்டுப் போகாமல் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ நமக்குப் பதிலாகப் போகிறார்கள். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். பெட்ரோல் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டார்.

நாங்கள் தள்ளிப்போடாமல் திட்டம் போட்ட ஞாயிறே போன இடங்களில் எங்களை யாருக்கும் தெரிவதில்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 5, ஞாயிறு

எனக்குக் காய்ச்சல். போகவில்லை. போக இருந்தது இரும்புப் பாலத்து ஆறு. பாலத்துக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறதாம், அங்கே முழங்கால் அளவு இறங்கி நிற்கவேண்டும் என்று வியாழக்கிழமையிலிருந்து இவர் ஒரே பாட்டு. கஞ்சி வைத்துக் கொடுத்தார். உப்பே இல்லை.

ஜூலை 12, ஞாயிறு

இரும்புப் பாலத்துக்குப் போனோம்.

இவர் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நான் முன்னால் இறங்கிப் பாலத்தடிக்கு நடந்தேன். சோளக்கதிர் சுட்டு விற்கும் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் விசிறியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கிடைச்சாராக்கா?"

யார் என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரரு."

அவள் சொன்னதைத் தொடர்ச்சியாக எழுத முயல்கிறேன். போன ஞாயிறு இங்கே நல்ல வெயிலாம். மேலே எங்கோ மழை. வளைவில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார், நீயும் வா என்று. தண்ணீர் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. ஆளைக் காணோம். இருட்டும்வரை தேடியிருக்கிறார்கள். நான் அழவே இல்லையாம். இவளுடைய சாக்கைப் போர்த்திக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தேனாம். விடிந்து பார்த்தால் என்னையும் காணோம்.

அப்போது இவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சீட்டியடித்தபடி படியிறங்கி வந்தார். அந்தப் பெண் பார்த்தாள். என் கையை விட்டுவிட்டாள். அடுப்பைக்கூட அணைக்காமல் பாலத்தின் மேல் ஏறிப் போய்விட்டாள்.

வயிற்று வலி என்று சொல்லி உடனே வீட்டுக்குத் திருப்பினேன். இவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நீங்க செத்துப் போயிட்டீங்க, சாப்பிட வாங்கன்னா?

ஜூலை 13, திங்கள்

குறட்டை விடுகிறார். இத்தனை வருடம் திட்டியிருக்கிறேன். இன்று அது நிற்காமல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

ஜூலை 17, வெள்ளி

இஸ்திரிக்காரரிடம் துணி வாங்கப் போனேன். இவருடைய பழுப்புச் சட்டை இல்லை. நேற்றே நான் வந்து அதை மட்டும் வாங்கிப் போனேனாம். "வாங்கி மூஞ்சியில வச்சு மோந்து பார்த்தீங்களேம்மா. சூடா இருக்கு, சுடும்னேன், நீங்க கேக்கல" என்கிறார்.

எங்கள் தெருவுக்கே வந்துவிட்டாள்.

கதவு எல்லாம் பூட்டினேன். பூட்டி என்ன பிரயோசனம்? சாவி அவளிடமும் இருக்குமே.

ஜூலை 21, செவ்வாய்

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினால் என் மேசையில் ஒரு மூக்குக்கண்ணாடி. "இப்பத்தானே நீங்களே வச்சிட்டுப் போனீங்க" என்றார் கண் பரிசோதகர். என் கண்ணாடி என் மூக்கில் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

எடுத்துப் பார்த்தேன். அதே பிரேம். லென்ஸின் பவரை மெஷினில் வைத்துப் பார்த்தேன், இரண்டு கண்ணுக்கும் என்னுடையதேதான். காதில் மாட்டும் கை ஒன்று வளைந்திருந்தது. கீல்களில் ஆற்று மணல்.

தூக்கிக் குப்பையில் போடத்தான் நினைத்தேன். ஆனால் என் விரல்கள் வேலையை ஆரம்பித்துவிட்டன. மணலை ஊதி எடுத்தேன், திருகை மாற்றினேன், வளைந்த கையைச் சூடு காட்டி நிமிர்த்தினேன். இது இல்லாமல் அவளுக்கு எதிரே வரும் பஸ்கூடத் தெரியாது. இதை அணிந்துகொண்டு எத்தனை நாள் கரையோரம் தேடினாளோ. கடைசியில் அழுதுவிட்டேன், லென்ஸை இன்னொரு முறை துடைக்கவேண்டியதாயிற்று.

உறையில் போட்டு மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 22, புதன்

உறை இல்லை. எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 23, வியாழன்

இந்த வாரம் ஆற்றையும் நானே தேர்ந்தெடுத்தேன். இவருக்கு ஆச்சரியம். மணல் ஆறு, இந்தப் பருவத்தில் கணுக்கால்கூட நனையாது. "இதெல்லாம் ஒரு ஆறா, குழாயை மூட மறந்த மாதிரி இருக்கும்" என்று முணுமுணுத்தார். பக்கத்து ஊரில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன என்றதும் சரி என்றார்.

திட்டம் முழுசாகப் போட்டாயிற்று. நான் போகப்போவதில்லை.

எனக்கு என்ன பைத்தியமா? இருப்பது ஒரே புருஷன். அவரை ஒரு நாளைக்கு இன்னொருத்தியோடு அனுப்புகிறேன். அவள் இன்னொருத்தி இல்லை, அதுதான் சங்கடம். அவள் இடத்தில் நான் இருந்தால் எனக்கு என்ன வேண்டியிருக்கும்? ஒரே ஒரு நாள். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்றுதானே நானும் சுற்றுவேன்? ஆனால் அந்த ஒரு நாள் கிடைத்தால் நான் அவரைத் திருப்பிக் கொடுப்பேனா? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

ஜூலை 26, ஞாயிறு

"நீங்க வண்டிய எடுங்க, செருப்பு மாத்திட்டு வரேன்" என்றேன். பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம். இவர் பக்கத்துக் கதவு சாத்தும் சத்தம் முன்பே கேட்டிருந்தது. இரண்டாவது கதவு திறந்தது. மூடியது. இவர் ஏதோ சொல்கிறார். பதிலுக்கு என் குரல். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கார் போய்விட்டது.

மதியம். மழை இல்லை. மேலே எங்கும் மழை இல்லை என்று ரேடியோவில் சொன்னார்கள்.

மாலை. விளக்கு வைத்தாயிற்று. இன்னும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனா?

வந்துவிட்டார். தனியாகத்தான் வந்தார். நன்றாக இருட்டியபிறகு. கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. நான் வீட்டுக்குள் நிற்பதைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. தட்டைப் போட்டேன். "நீயும் உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

கணுக்கால் நனையாத ஆறு.

ஜூலை 30, வியாழன்

மேசை காலியாக இருக்கிறது. வரைபடத்தை இவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து நாரை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அவள எங்க இறக்கிவிட்டேன்னு கேக்கமாட்டியா?"

கத்தியைக் கீழே வைத்தேன். எப்போது தெரியும் என்று கேட்டேன். ஏறி உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டதாம். ரோட்டைப் பார்க்காமல் தன்னையே பார்த்துக்கொண்டு வந்தாளாம். நீ என்னை அப்படிப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்றார். சிரிக்கவில்லை.

புத்தகக் கடைக்குப் போகும் வழியிலேயே, இரும்புப் பாலத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாள். இவர் காரைத் திருப்பியிருக்கிறார். அங்கே அவளுக்குத் தனியாக இறங்கப் பயமாக இருந்ததாம். இவரும் கூடவே இறங்கினாராம், கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை. அவள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாளாம்.

"கூப்பிட்டாளா?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டா. ரெண்டு தரம். உன் குரல்லயேதான கூப்பிட்டா, எனக்குக் கால் நிக்கல, அவ பின்னாடியே போச்சு." இன்னொரு பீன்ஸை எடுத்து நாரை உரித்தார். "அப்புறம் அவளே கைய விட்டுட்டா. 'போங்க, அவ காலைலேர்ந்து சாப்பிட்டிருக்கமாட்டா'ன்னா."

அன்று நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இவரிடம் அதைச் சொல்லவே இல்லை.